செவ்வாய் ஹெலிகாப்டரும் என் வைவாவும்

விமானப் பொறியியல் இறுதியாண்டில் விண்வெளி, விமானத் தொழில்நுட்பத்தின் அண்மைய வளர்ச்சிகள் பற்றி ஒரு விருப்பப் பாடம் எடுத்திருந்தேன். ராக்கெட் செய்தி எதையும் சின்ன வயதிலிருந்தே விட்டுவைத்தவன் இல்லை என்பதால், படிக்காமலே பாஸாகிவிடலாம் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பு இடைப்பருவ வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நாலே நிமிடத்தில் இறங்கிவிட்டது. இதே மாதிரிப் பாடத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ தயாராகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"இன்ஜெனுவிட்டி பத்திச் சொல்லுங்க" என்றார் சார். எனக்கு அல்வா மாதிரிக் கேள்வி. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய குட்டி ஹெலிகாப்டர் அது. கொட்டித் தீர்த்தேன். 2021 ஏப்ரல் 19இல் செவ்வாயில் முதல் பறப்பு, 39 நொடி, 3 மீட்டர் உயரம், நிறை 1.8 கிலோ, பிளேடுகள் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று, மொத்தம் 72 பறப்புகள், 2024 ஜனவரியில் பிளேடு சேதமாகி ஓய்வு. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "சரி, ஏன் 2,400? ஏன் 400 இல்லை? ஏன் 5,000 இல்லை?"

வாயடைத்துப் போனேன். 2,400 என்பது எனக்கு ஒரு தொலைபேசி எண் மாதிரி. மனப்பாடமாக இருந்தது, அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் தெரியாது.

அன்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோதுதான் எவ்வளவு எளிய கணக்கு என்று தெரிந்தது. செவ்வாயின் காற்று அடர்த்தி பூமியினுடையதில் சுமார் நூறில் ஒரு பங்கு. ஈர்ப்பு சுமார் 38 விழுக்காடு. ஆக, தூக்க வேண்டிய எடை 0.38 மடங்காகக் குறைகிறது, தூக்கித்தரும் காற்றோ 0.01 மடங்காகிவிடுகிறது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. அதே பிளேடு பரப்பை வைத்துக்கொண்டால் வேகத்தின் வர்க்கம் 38 மடங்கு கூட வேண்டும், அதாவது வேகம் ஆறு மடங்குக்குச் சற்று மேல். பூமியில் சாதாரண ஹெலிகாப்டரின் சுழலி நிமிடத்துக்கு 400, 500 சுற்று சுற்றும். ஆறால் பெருக்கிப் பாருங்கள். அளவில் வேறுபட்ட இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவது கறாரான கணக்கில்லைதான். ஆனாலும் 2,400 எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

அப்புறம் 5,000 ஏன் இல்லை? பிளேடுகளின் விட்டம் 1.2 மீட்டர். நொடிக்கு 40 சுற்று என்றால் பிளேடு நுனி நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. செவ்வாய்க் காற்று குளிர்ந்த கரியமில வாயு, அதில் ஒலியின் வேகமே நொடிக்குச் சுமார் 240 மீட்டர்தான். நுனி ஏற்கெனவே மாக் 0.6ஐ (ஒலிவேகத்தில் 0.6 பங்கை) தாண்டிவிட்டது. இன்னும் விரட்டினால் நுனியில் அதிர்வலைகள் உருவாகி, இழுவிசை எகிறும், அதிர்வு கூடும். கீழே காற்றடர்த்தி, மேலே ஒலிவேகம், நடுவில் ஒரு குறுகிய சந்து. அந்தச் சந்துக்குள்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பருவம் மாறி அடர்த்தி இன்னும் குறைந்தபோது 2,700 சுற்றுக்கு ஏற்றிப் பறக்கவிட்டார்கள். அந்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதிலிருந்து படிக்கும் முறையையே மாற்றினேன். நாற்பது தலைப்புகள் இருந்த பட்டியலைப் பன்னிரண்டாக வெட்டினேன். ஒவ்வொரு தலைப்புக்கும் நோட்டில் ஒரே ஒரு பக்கம். மேலே ஒரு கேள்வி: இதற்கு முன்னால் எது தடையாக இருந்தது? கீழே ஒரு தோராயக் கணக்கு. அதற்கும் கீழே, இந்தத் தீர்வால் புதிதாக வந்த தலைவலி என்ன? தேதி, பெயரெல்லாம் ஓரத்தில் சின்னதாக. அவை தன்னால் மனதில் நின்றுவிடும், அதற்கென்று தனியாக நேரம் செலவழிக்காதீர்கள்.

மறுபயன்பாட்டு ராக்கெட்டை இந்த முறையில் படித்தது நல்ல அனுபவம். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம் (பூஸ்டர்) 2015 டிசம்பரில் தரையிறங்கியது, 2017 மார்ச்சில் ஏற்கெனவே பறந்த ஒன்று மறுபடியும் பறந்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். தடை எங்கே இருந்தது என்று பார்க்கச் சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாட்டுக்குப் போக வேண்டும். வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு 3.4 கி.மீ., சுற்றுப்பாதைக்கு இழப்புகளையும் சேர்த்துத் தேவைப்படுவது சுமார் 9.4 கி.மீ. என்று வையுங்கள். ஒரே கட்டத்தில் போவதானால் தொடக்க நிறைக்கும் இறுதி நிறைக்குமான விகிதம் கிட்டத்தட்ட 16 வரும். 16 டன் கிளம்பினால் 15 டன் எரிபொருள், மிச்சம் ஒரு டன்னுக்குள் தொட்டி, எஞ்சின், சரக்கு எல்லாம் அடங்கியாக வேண்டும். இவ்வளவு இறுக்கமான கணக்கில் திரும்பி வருவதற்கு எரிபொருளும் கால்களும் வேறு சுமப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரிவது இயல்புதான். முதல் கட்டம் சுற்றுப்பாதை வரை போவதில்லை, பாதியிலேயே கழன்றுவிடுகிறது என்பதால்தான் அதில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

தலைவலி என்ன என்று கேட்டுக்கொண்டால் இன்னும் சுவாரசியம். ஒன்பது எஞ்சின்களில் ஒன்றை மட்டும் எரித்து, அதையும் முடிந்த மட்டும் தணித்தாலும்கூட, கிட்டத்தட்டக் காலியான பூஸ்டரின் எடையைவிட உந்துவிசை அதிகம். அந்தரத்தில் நின்று நிதானித்து இறங்க முடியாது. வேகம் பூஜ்யமாவதும் கால் தரையில் படுவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் வேகம் பூஜ்யமானால் மறுபடி மேலே கிளம்பிவிடும். அப்படியானால் 2024 அக்டோபரில் அதே நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் பூஸ்டரை ஏவுதளக் கோபுரத்தின் கைகள் பிடித்தது எதற்கு? கால்களின் எடையை ராக்கெட்டிலிருந்து கழற்றித் தரைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வரியை ஒரு எழுத்துத் தேர்வில் எழுதினேன், பக்கத்தில் டிக் போட்டிருந்தார்கள்.

இதே பகுதியில் நான் வாங்கிய ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக உந்துவிசையாக்குகிறது என்பதைக் காட்டும் தன்கணத்தாக்கு (specific impulse) நொடிகளில் தரப்பட்டிருக்கும். அதை 9.81ஆல் பெருக்கினால்தான் வெளியேறும் வேகம் வரும். பெருக்க மறந்து, விண்கலமே கிளம்ப முடியாத ஒரு விடையை எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டுவைத்தேன். அலகு குழம்பியதால் 1999இல் ஒரு செவ்வாய்க் கலமே தொலைந்திருக்கிறது என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். மதிப்பெண் திரும்பி வரவில்லை.

தோல்விகளைப் படிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வெற்றிச் செய்தியில் பொறியியல் கண்ணுக்கே தெரியாது. சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கியதைப் படிப்பதற்கு முன்னால் 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர் ஏன் விழுந்தது என்று படித்தேன். எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடியது, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, திருத்துவதற்கு வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருள் வைத்திருந்த வரம்பு தடுத்தது, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். இதைத் தெரிந்துகொண்டு மூன்றாவது கலத்தைப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிலாகத் தெரியும். இறங்கும் பகுதி 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரிந்தது, ஐந்து எஞ்சின் நான்கானது, லேசர் டாப்ளர் வேகமானி வந்தது, கூடுதல் எரிபொருள், வலுவான கால்கள். தாங்கும் இறங்குவேகத்தை நொடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 மீட்டராக உயர்த்தினார்கள். ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கம், ஆகவே கால்கள் விழுங்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. அங்கே ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது, விடாதீர்கள்.

விமானப் பகுதியை மாணவர்கள் சும்மா ஒப்புக்குப் படிக்கிறார்கள், ராக்கெட் அளவுக்குப் பளபளப்பு இல்லை என்பதால். கேள்விகள் அங்கிருந்துதான் அதிகம் வருகின்றன. குறைந்தபட்சம் கியர் வைத்த டர்போஃபேன் எஞ்சினை (முன்னால் பெரிய விசிறி, அதாவது ஃபேன், வைத்த ஜெட் எஞ்சின்) ஒழுங்காகப் படியுங்கள். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம். வெளியேறும் காற்றின் வேகம் விமானத்தின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு என்றால் உந்துதிறன் (ஆற்றலில் விமானத்தைத் தள்ளப் பயன்படும் பங்கு) 67 விழுக்காடு, ஒன்றரை மடங்கு என்றால் 80. அதனால் ஃபேன் பெரிதாக வேண்டும், பெரிதானால் மெதுவாகச் சுற்ற வேண்டும். அதே தண்டில் இருக்கும் டர்பைனுக்கோ வேகமாகச் சுற்றினால்தான் திறன். இந்தக் குடும்பச் சண்டையைத் தீர்க்க நடுவில் வைத்ததுதான் சுமார் மூன்றுக்கு ஒன்று விகிதக் கியர். கலப்புப் பொருள், முப்பரிமாண அச்சில் வந்த எரிபொருள் முனை, 2025 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த, நாசாவின் சத்தம் குறைந்த மீயொலி விமானமான எக்ஸ்-59 ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு பக்கம் போதும்.

எங்கே படிப்பது என்று கேட்பவர்களுக்கு: வீடியோக்களை ஆசைக்குப் பாருங்கள், படிப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு நிறையத் தெரிந்துகொண்ட திருப்தியோடு தூங்கப்போவேன், காலையில் ஒரு சமன்பாடு எழுத வராது. நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதும் படிக்க வேண்டாம், முன்னுரையையும் ஒரு வரைபடத்தையும் பிடித்துக்கொண்டால் போதும்.

இறுதி வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்), என் பன்னிரண்டு பக்கத்தில் இல்லாததைக் கேட்டார். "போயிங் 777எக்ஸ் இறக்கை நுனி ஏன் மடங்குது?" ஒரு நொடி பழைய வியர்வை. பிறகு, எது தடையாக இருந்தது என்று எனக்கே கேட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தேன். நீளமான இறக்கையில், தூக்குவிசையோடு சேர்ந்தே வரும் தூண்டு இழுவிசை குறையும், எரிபொருள் மிச்சமாகும், ஆனால் விமான நிலையத்தில் நிறுத்துமிடத்தின் அகலம் விமானத்துக்காக வளராது என்றேன். விரித்தால் 71.75 மீட்டர், மடித்தால் 64.85, அந்த நிறுத்துமிட வகைக்கு வரம்பு 65 என்று அவரே எண்களை எடுத்துக்கொடுத்தார். "அப்போ புதுசா வந்த தலைவலி?" என்றார். கீல், பூட்டு, அவற்றின் எடை, பறக்கும்போது மடங்கவே கூடாது என்ற கட்டாயம் என்று சொன்னேன். எடை எவ்வளவு கூடியது என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்.