பத்தாம் எண் தீவைத் தேடிய வாரம்

அமெரிக்க நூலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில் எனக்குக் கிடைத்த வேலை கேட்பதற்கு எளிது. பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் இம்மி பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். கோட்டை, சாலை, நகரம் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. சாடோக் கிராமரின் 'நேவிகேட்டர்' வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

கிராமர் பிட்ஸ்பர்க்கில் புத்தகம் கட்டி விற்றவர். ஓஹையோ, மிசிசிப்பி ஆறுகளில் தட்டைப் படகில் மூட்டை முடிச்சோடு இறங்கியவர்களுக்காக 1801 முதல் இந்தக் கையேட்டை வெளியிட்டார். என் மேசைக்கு வந்தது 1814ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பு; கோட்டுப் பையில் அடங்கிவிடும். மரக்கட்டை அச்சில் ஆறு மண்புழுவாக நெளிந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மெழுகு சொட்டிய கறை. யாரோ இருட்டியபின் படகுக்குள் உட்கார்ந்து மறுநாள் வழியைப் பார்த்திருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தீவுக்கு எந்தப் பக்கம் ஆழம், எங்கே மரங்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்பதுதான் அவர்களுக்கு உயிர். வேர் சேற்றில் சிக்க, தலை மட்டும் நீரில் ஏறி இறங்கும் மரத்துக்குப் படகோட்டிகள் வைத்த பெயர் 'சாயர்', அதாவது மரம் அறுப்பவன். அசையாமல் நின்று படகின் வயிற்றைக் கிழிப்பது 'பிளான்டர்'.

மிசிசிப்பித் தீவுகளுக்கு, ஓஹையோ வந்து கலக்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி வரிசையாக எண் போட்டிருந்தார் கிராமர். நல்லதாயிற்று என்று அந்த எண்களை வைத்தே இரண்டு படங்களிலும் புள்ளி குத்திப் பொருத்தத் தொடங்கினேன். மென்பொருள் தாளை ரப்பராக இழுத்தது. பத்தாம் எண் தீவு ஒரு வயலில் போய் நின்றது. அச்சடித்தவரைத் திட்டினேன். மூன்றாம் நாள் பிரிவின் மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆற்றுக்கு ஆணி அடிக்கிறாயா?" என்றார்.

பத்தாம் எண் தீவு, 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை நடந்த இடம். பிறகு ஆறே அதை அரித்துத் தின்றுவிட்டது. ஆறு தடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது கிராமர் தரப்புக்குத் தெரியும். 1824க்குள் பன்னிரண்டு பதிப்புகள் போட்டுவிட்டார்கள். எனக்குத்தான் ஒன்றே போதும் என்ற நினைப்பு.

புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு, சிக்கசா மேடுகள், நாட்செஸ் மேடு என்று ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் நகராதவற்றில் மட்டும் குத்தினேன். இடையில் ஆறு எப்படி வேண்டுமானாலும் போகட்டும் என்று விட்டேன். அட்டவணையில் 'இன்றைய இடம்' என்றொரு கட்டம் உண்டு. பத்தாம் எண்ணுக்கு நேராக அதைக் காலியாக விட்டால் மென்பொருள் சிவப்புக் கோடு காட்டி நிரப்பச் சொன்னது. 'ஆற்றில்' என்று தட்டினேன். ஏற்றுக்கொண்டது.