வெளிச்சம் பட்டால் உறையும் ஜெல்

கொஞ்ச நாளாக டெட்ராசோல் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஒரு கார்பன், நாலு நைட்ரஜன் சேர்ந்த சின்ன வளையம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பென்சீன் வளையம் ஒட்டிய டெட்ராசோல் மேல் புற ஊதா ஒளியைக் காட்டினால் இரண்டு நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும், மிஞ்சுவது நைட்ரைல் இமின், சும்மா இருக்கவே தெரியாத ஆள், பக்கத்தில் தோதான இரட்டைப் பிணைப்பு கிடைத்தால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டி உருவாகிற புது வளையத்துக்குப் பைரசோலின் என்று பெயர், தகுந்த ஒளி பட்டால் அது பெரும்பாலும் தானே ஒளிரும்!

மியூனிக்கில் வேதியியலர் ஹியூஸ்கன் குழு 1967-லேயே எழுதிவிட்ட வினை இது. 2008 வாக்கில் அமெரிக்காவில் சிங் லின் குழு புரதங்களில் செய்து காட்டிய பிறகுதான் மவுசு கூடியது, பாலிமர்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல், செய்யும் வேலை. பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளின் நுனியில் டெட்ராசோலையும், தோதான இரட்டைப் பிணைப்புள்ள மாலிமைடு மாதிரி ஒன்றையும் வைத்துத் தண்ணீரில் கரைத்து, மேலே ஓட்டை போட்ட மறைப்புத் தகடு வழியாக ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட இடம் மட்டும் கெட்டியாகும். எங்கே பிணைப்பு விழுந்தது என்று தேட தனியாகச் சாயம் எதுவும் வேண்டாம், அந்தப் பிணைப்பே மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

சரி, சிக்கல் இல்லையா? இருக்கிறது. நைட்ரைல் இமின் தண்ணீரோடும் கார்பாக்சிலிக் அமிலத்தோடும்கூட வினைபுரியும், 300 நானோமீட்டர் பக்கத்து ஒளி உயிரணுக்களுக்கு ஆகாது. அதனால்தான் பைரீன் (நாலு பென்சீன் வளையம் ஒட்டிய மூலக்கூறு) சேர்த்த டெட்ராசோல்கள் வந்தன, அவற்றுக்கு 400-ஐத் தாண்டிய ஊதா-நீல வெளிச்சமே போதும்.