குதிரையின் பெட்லொக் மூட்டு ஒருவாறு நிற்கிறது

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளை வேப்பமரத்தில் செதுக்கிக் கோக்கும் வேலையில், நெடுநாளாக என்னை இழுத்தடித்துக்கொண்டிருந்த பெட்லொக் மூட்டு (குளம்புக்குச் சற்று மேலே மடியும் மூட்டு) இப்போது கையை எடுத்தாலும் சரியாமல் நிற்கிறது. மேலே அரைச் செங்கல்லை வைத்தால் மூட்டு சற்றுத் தாழ்கிறது, எடுத்தவுடன் தன்பாட்டில் எழுகிறது. இது கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளக்கூடிய விடயம்தான்.

பெயர்களை முதலிலேயே ஒழுங்குபடுத்திக்கொண்டதால் பாதி வேலை இலகுவாயிற்று. குதிரையின் முன்முழங்கால் என்று சொல்லப்படுவது நமது மணிக்கட்டுக்கு ஒப்பானது. ஆகவே அதற்குக் கீழே இருப்பவையெல்லாம் ஒரு கையின் எலும்புகளே. நீண்ட கெனன் எலும்பு மூன்றாம் அனுமணிக்கட்டென்பு, அதாவது உள்ளங்கையின் மூன்றாவது எலும்பு. அதன் பின்புறத்தில் இரு பக்கமும் ஒட்டியிருந்து, குளம்பு வரை எட்டாமல் இடையிலேயே ஒடுங்கி முடியும் ஸ்பிளின்ட் எலும்புகளில் உட்பக்கத்தது இரண்டாவது, வெளிப்பக்கத்தது நான்காவது. முதலாவதும் ஐந்தாவதும் குதிரைக்கு இல்லை. ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் பென்சிலால் இலக்கத்தை எழுதிவைத்தேன். எழுத்து அழிந்தாலும், மேல்முனையில் இரண்டு மணிக்கட்டென்புகளோடு பொருந்துவது இரண்டாவது, ஒன்றோடு மட்டும் பொருந்துவது நான்காவது என்று பிரித்தறியலாம். பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்துவிட்டு, அது உட்பக்கமா வெளிப்பக்கமா என்று குறிக்காமல் விடும் படங்களைப் பார்க்கும்போது வரும் எரிச்சலை இந்த வேலையில் இறங்கியவர்கள் அறிவார்கள்.

இனி அந்த மூட்டு. கெனன் எலும்பின் கீழ்முனையில் முன்பின்னாக ஒரு வரம்பு ஓடுகிறது. அதற்குக் கீழே வரும் முதல் விரலென்பாகிய நீண்ட பாஸ்டர்ன் எலும்பின் மேல்முகத்தில் அந்த வரம்பு அமர்வதற்கான பள்ளம் இருக்கிறது. மூட்டு பெரும்பாலும் முன்னும் பின்னும் மட்டுமே மடிந்து, பக்கவாட்டில் திருகாமல் இருப்பதற்கு இந்த வரம்பு முக்கிய காரணம் என்பதால், இங்கே மயிரிழை பிசகினாலும் கால் ஆடும். வரம்பில் விளக்குக் கரியைப் பூசி, பள்ளத்தில் அழுத்தி, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் வளைந்த வாயுள்ள சிறு உளியால் சுரண்டி, மறுபடியும் பூசி, மறுபடியும் அழுத்தி, பள்ளம் முழுவதும் ஒரேசீராகக் கறுக்கும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன். சான்ட்பேப்பர் இந்த இடத்துக்கு உதவாது. அது வரம்பின் கூர்மையை மழுக்கிவிடும்.

ஆனால் எலும்பு எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் இந்த மூட்டு தானாக நிற்காது. பின்புறத்தில் இருக்கும் இரண்டு சிறிய செசமொயிட் எலும்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் இணைநார்ப் பட்டையுமே அதைத் தாங்குகின்றன. அந்தப் பட்டை கெனன் எலும்பின் பின்புற மேற்பகுதியில் தொடங்கி, ஸ்பிளின்ட் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே இறங்கி, இரண்டாகப் பிரிந்து செசமொயிட் ஒவ்வொன்றையும் பற்றுகிறது. செசமொயிட்டின் அடியிலிருந்து வேறு பட்டைகள் பாஸ்டர்ன் எலும்புகளுக்குப் போகின்றன. வேம்பு இவ்வளவு சிறிய அளவில் சிம்பு சிம்பாகப் பெயர்ந்ததால், செசமொயிட் இரண்டையும் பூவரசில் செதுக்கினேன். மேலும் கீழும் தங்கூசியால் (நைலோன் மீன்பிடி இழையால்) கட்டியபோது கால் முளைக்கம்புபோல விறைத்துக்கொண்டது. இரண்டுக்கும் றப்பர் போட்டபோது மூட்டு நிலத்தைத் தொட்டது. மேல்பட்டைக்கு லொறி ரியூப்பில் வெட்டிய றப்பரும் கீழ்க்கட்டுக்குத் தங்கூசியும் என்று வந்தபோதுதான் தாழ்ந்து எழும் அந்த அசைவு கிடைத்தது.

சாய்வைச் சரிபார்க்க நெடுந்தீவுக் குதிரைகளின் படங்களையே நம்பினேன். குறிகட்டுவானில் படகேறிப் போய் எடுத்த அந்தப் படங்களில், ஆடாமல் நிற்கும் குதிரையின் பாஸ்டர்ன் நிலத்தோடு ஏறத்தாழ 50 பாகையில் சாய்ந்திருப்பதை அளந்துகொள்ள முடிந்தது. கோயில் குதிரை வாகனம் இதற்கு மாதிரியாகாது. அதன் முன்னங்கால்கள் தூக்கியபடி இருப்பதால், பாரம் இல்லாத பெட்லொக் பின்னோக்கி மடிந்திருக்கும். ஆசாரிமார் அதைச் சரியாகவே செதுக்குகிறார்கள். எனக்கு வேண்டியது பாரம் தாங்கும் கால்.

தங்கூசி குருநகரில் வாங்கியது. முடிச்சு இறுகினால் வழுக்காத தடிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. மரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கில்லை. காய்ந்த வேம்பு என்று சத்தியம் பண்ணி ஒரு மரக்காலையில் தந்த கட்டை உள்ளே பச்சையாக இருந்து, செதுக்கி முடித்த பாஸ்டர்ன் எலும்பு நெடுக வெடித்துவிட்டது. அதை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

குளம்புக்குள் இருக்கும் கொஃபின் எலும்பு இன்னும் பாதியில் கிடக்கிறது. இரத்தக்குழாய்கள் செல்லும் நுண்துளைகள் அதன் முகம் முழுவதும் இருப்பதால், மிகச் சன்னமான ட்ரில் கிடைக்கும்வரை அதைத் தொடப்போவதில்லை. அதன் பின்னால் குறுக்கே அமரும் நவிகுலர் எலும்பும் அதுவரை காத்திருக்கும். மணிக்கட்டென்புகளை இப்போதைக்கு ஒரே கட்டையாக விட்டிருக்கிறேன். இதற்கிடையில் பின்னங்காலுக்கு மரம் சொல்லியாயிற்று. பின்னங்காலின் கெனன் எலும்பு முன்னதைவிட நீளமானது, குறுக்குவெட்டில் அதிகம் உருண்டையானது. ஆகவே இம்முறை கட்டையைக் கடைசல்காரரிடம் கொடுத்து உருட்டி எடுத்துவிட்டு, அதன்பிறகு உளியைத் தொடுவதாக எண்ணியிருக்கிறேன்.