முத்திரைக்கு முன்னால் கணக்கு: ஒயின் திராட்சையும் நியாய வணிகமும்

வெட்டிய கரும்பு ஆலை வாசலில் நின்றால் எடையும் இறங்கும், சர்க்கரையும் இறங்கும். அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒயின் திராட்சை அதைவிட மோசம். பழச்சாற்றின் சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 22–24 வந்ததும் பறித்தாக வேண்டும். பறித்தது கூடியவரை அன்றே அரைபட வேண்டும். கொடி நட்டு மூன்றாம் ஆண்டுதான் முதல் காய்ப்பு, அதன்பின் ஆண்டுக்கு ஒரே அறுவடை. ஆகவே ஓரிரு ஏக்கர்காரரிடம் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

நியாய வணிகம் (Fairtrade) என்ற சான்று முறை கைவைப்பது இந்த இடத்தில். அதன் முத்திரையோடு விற்கும் பழத்துக்கு விதிகள் இவை. சந்தை எவ்வளவு விழுந்தாலும் அடிமட்ட விலை உண்டு. சந்தை ஏறினால் சந்தை விலையே தர வேண்டும். அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு கூடுதல் தொகை விவசாயிகள் சங்கத்தின் கணக்கில் சேரும். அதை எதற்குச் செலவிடுவது என்று பொதுக்குழுவில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

அர்ஜென்டினாவின் லா ரியோஹா மாகாணத்தில் உள்ள லா ரியோஹானா கூட்டுறவைப் பாருங்கள். மழை குறைந்த மண், பந்தலில் படர்ந்த கொடிகள், பெரும்பாலும் சிறு விவசாயிகள். கூடுதல் தொகையைக் கொண்டு திலிமுக்கி என்ற ஊருக்குக் குடிநீர்க் கிணறும் தொட்டியும் அமைத்தார்கள். 2010-இல் அங்கே வேளாண்மை மேல்நிலைப் பள்ளியும் திறந்தது. தங்கள் பழத்தைத் தாங்களே அரைத்து ஒயினாக்கும் ஆலை அவர்கள் கையில் இருக்கிறது. என் பார்வையில் முத்திரையைவிடப் பெரிய பலம் அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. அங்கே சான்று பெற்றவை பெரும்பாலும் கூலியாட்களை வைத்து நடக்கும் பெரிய தோட்டங்கள். கூடுதல் தொகை தொழிலாளர் குழுவுக்குப் போகும். நல்லதுதான், ஆனால் சிறு விவசாயிக்கான ஏற்பாடு அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

சிக்கல் வருவது அளவில். ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு ஏறத்தாழ 1 கிலோ பழம் வேண்டும். சங்கம் 100 டன் விளைவித்து, வாங்குபவர் முத்திரையோடு எடுத்தது 30 டன் என்றால், கூடுதல் தொகை அந்த 30 டன்னுக்கு மட்டும். மீதி சாதாரண விலைக்குப் போகும். சான்றுக்கான தணிக்கைக் கட்டணத்தையோ எப்படியும் கட்டியாக வேண்டும். குழு சிறியதாக இருந்தால் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் கூழ் ஆலைக்கு மாங்காய் கொடுக்கும் குழுக்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முத்திரையோடு எத்தனை டன் வாங்குவார் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். எடை போடும்போது குழுவின் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அழுகலுக்கு எத்தனை சதவீதம் கழிவு என்பதை அறுவடைக்கு முன்பே பேசி முடியுங்கள்; லாரி உள்ளே போன பிறகு பேசினால் எடுபடாது. பணம் வரும் தேதி முக்கியம். கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டு ஆணையே சொல்கிறது. மாங்காய்க்கு அந்த ஆணை பொருந்தாது என்பதால், தேதியையும் தாமதமானால் எத்தனை வட்டி என்பதையும் ஒப்பந்தத்திலேயே போட்டு வாங்க வேண்டும்.