குண்டு பல்பு

போன வாரம் விடிந்தும் விடியாத நேரத்தில் எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "அண்ணே, பையனுக்கு ராத்திரி தூக்கத்தில் வலிப்பு வந்துவிட்டது. இப்போது தெளிந்துவிட்டான். வலது தோள்தான் வலிக்கிறது என்கிறான். நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிடலாமா?" நான் மருத்துவன் இல்லை. முப்பத்தொரு வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவுக்கு அதுவே பாதி டாக்டர்.

பையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளியே திருப்பச் சொன்னேன். இடது கை தாராளமாகத் திரும்பியது. வலது கை நேராகக்கூட வரவில்லை. வலிக்குப் பயந்து நிற்கிற கை கொஞ்சம் கொஞ்சமாகவாவது வரும். இது உள்ளே தாழ்ப்பாள் போட்டதுபோல நின்றது. "எண்ணெயை இறக்கி வையுங்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

இதே மாதிரி ஒரு கையை முன்பே பார்த்திருக்கிறேன். பார்த்தும் கோட்டை விட்டிருக்கிறேன்.

2003-ஆம் வருடம், ஐப்பசி மழை. நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனைக்கு ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஈரக் கையோடு மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொட்டிருக்கிறார். கரண்ட் பிடித்து உதறித் தள்ளிவிட்டது. சீட்டில் 'வலது தோள், ஏ.பி.' என்று மட்டும் எழுதியிருந்தது. முன்பக்கமாக ஒரே ஒரு படம். புஜத்தில் கறுப்புக் கயிற்றில் தாயத்து கட்டியிருந்தார். அவிழ்க்க மாட்டேன் என்று சாதித்ததால் முழங்கை வரை இறக்கிவிட்டோம். படம் எடுக்கும்போது கையை வெளிப்புறம் திருப்பி வைக்க வேண்டும். திரும்பவில்லை. வலி என்று நினைத்து, கை இருந்தபடியே எடுத்துவிட்டேன்.

டார்க் ரூமில் சிவப்பு விளக்கடியில் பிலிமைத் தூக்கிப் பார்த்தபோது மனதில் ஏதோ உறுத்தியது. புஜ எலும்பின் தலை முன்பக்கப் படத்தில் கைத்தடியின் பிடிபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இது இரு பக்கமும் ஒரே அளவாக, குண்டு பல்பை நிமிர்த்தி வைத்ததுபோல இருந்தது. கையை வைத்த விதம் சரியில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, பிலிமைக் காயப் போட்டேன். டாக்டர் அறை வாசலில் கூட்டம். முறிவு இல்லை, விலகல் இல்லை, சுளுக்கு என்று முடிவாகி, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங்கும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தோள் முன்பக்கம் விலகினால் யாரும் ஏமாற மாட்டார்கள். நூறு விலகல்களில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து அந்த வகைதான். தோளின் உருண்டை போய்ச் சட்டை ஹாங்கர்போல மூலை தெரியும். மீதியில் பின்பக்க விலகல்தான் கள்ளன். வலிப்பும் மின்சாரமும் அதற்குப் பேர்போன காரணங்கள். கையை உள்ளே திருப்பும் தசைகள் பெரியவை, வெளியே திருப்புபவை சிறியவை. எல்லாம் ஒரே நேரத்தில் இறுகினால் பெரியவைதான் ஜெயிக்கும். இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் கிடக்கும் உருண்டை என்றால், தோள் மூட்டு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம். பின்பக்கமாக உருண்டு, தட்டின் விளிம்பில் குத்தி நின்றுவிடும். வெளியே பார்த்தால் தோள் பெரும்பாலும் தோளாகவே தெரியும்.

ஐந்து வாரம் கழித்து அவர் மனைவியோடு வந்தார். தலை வார முடியவில்லை, முகம் கழுவ முடியவில்லை என்று அவர் சொன்னது யார் காதிலும் தனியாக விழவில்லை. அந்த அம்மாள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "கோயிலில் விபூதிக்குக் கை நீட்டினால் உள்ளங்கை மேலே திரும்பமாட்டேன் என்கிறது ஐயா. இடது கையை நீட்டிக் குருக்களிடம் பேச்சு வாங்கினார்." நீட்டிய கையின் உள்ளங்கை முழுதாக மேல்நோக்கித் திரும்பாதது பின்பக்க விலகலுக்கு ஓர் அடையாளம் என்று பிற்பாடு ஒரு எலும்பு மருத்துவர் எனக்குச் சொன்னார். குருக்கள் கண்டுபிடித்ததை நான் கண்டுபிடிக்கவில்லை.

அன்றைக்கு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டாவது படம் எடுத்தேன். அக்குளுக்குள் கதிரைச் செலுத்தி எடுப்பதுதான் சிறந்தது. கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கினால் போதும். அதுவும் முடியாதவரை மேசைக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, சுமார் 30 டிகிரி பின்னால் சாய்த்து, மேசை மேல் பிலிம் பெட்டியான கேசட்டை வைத்து மேலிருந்து எடுக்கலாம். அவரை அப்படித்தான் எடுத்தேன். பிலிமில் எலும்புத் தலை பின்னால் போய், குழியின் விளிம்பு அதன் முன்பக்கத்தில் கடித்துப் பள்ளம் போட்டிருந்தது.

உடனே பிடித்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து இழுத்தே உட்கார வைத்திருக்கலாம். ஐந்து வாரத்தில் அந்த வாய்ப்புப் போய்விட்டது. பெரிய மருத்துவமனையில் தோளைத் திறந்து, முன்பக்கத் தசைநாரை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். மெக்லாலின் என்ற அறுவை மருத்துவர் 1952-இல் எழுதிவைத்த முறையாம். கை பிறகு தலை வரைக்கும் போனது. வெளிப்புறத் திருப்பம் பாதிதான் வந்தது.

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர் வலிப்பால் வந்த பின்பக்கத் தோள் விலகலைப் பற்றி எழுதியது 1839-இல். அவரிடம் பிலிமும் இல்லை, டார்க் ரூமும் இல்லை. கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

நானும் அந்த விவசாயிக்குப் பிறகு படம் எடுக்கும் முன் கையைப் பார்க்கத் தொடங்கினேன். புஜ எலும்பு நடுவில் முறிந்து வருபவர்களை முதலில் மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்வேன். அந்த எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு தொங்கும். பெரும்பாலும் தானே சரியாகும் என்றாலும், கட்டுப் போட்ட பிறகு தெரிய வந்தால் வீண் சண்டை. புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு விரல் வீங்கி வந்தவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பையனுக்கு அன்று காலையிலேயே இரண்டு படமும் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். பள்ளம் சிறியது. மதியத்துக்குள் மயக்கம் கொடுத்து மூட்டை உட்கார வைத்துவிட்டார்கள். வலிப்புக்கும் மாத்திரை தொடங்கியாயிற்று. வழக்கமான ஸ்லிங் இவனுக்கு ஆகாது. வயிற்றோடு கையைச் சேர்த்தால் மறுபடி பின்னால் நழுவும். அதனால் முன்கை நேராக நீட்டியபடி இருக்க ஒரு பட்டை மாட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்று கைகுலுக்கிவிட்டுப் போகின்றன. குலுக்காதீர்கள், தொட்டுவிட்டுப் போங்கள் என்று அவன் அம்மா கத்திக்கொண்டிருக்கிறார்.