ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போட்ட பூட்டு

நாளைக்கு, 2022 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவுக்காகப் போட்ட ஞாயிறு ஊரடங்கு இனி இல்லை. வியாழக்கிழமை அறிவிப்பு வந்ததிலிருந்து ஊட்டி சேரிங்கிராஸ் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "அக்கா, சரக்கு இருக்குங்களா?" என்று கேட்கிறார்கள். இந்த மாதம் முழுக்க அவர்களுக்கு என் நம்பர் மறந்துபோயிருந்தது. சரக்கு இருக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதில் பாதி, பொங்கலுக்காகப் போட்ட சரக்கு.

நான் ஊட்டி காந்தல் பக்கம் வீட்டிலேயே சாக்லேட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கட்டியாக வரும் சாக்லேட் ஸ்லாப்பை உடைத்து, கொதிக்கிற தண்ணீருக்கு மேலே பாத்திரம் வைத்து உருக்கி, முந்திரி, திராட்சை கலந்து அச்சில் ஊற்றுவது. சின்ன வேலைதான், ஆனால் கெடு உள்ள வேலை. கடையில் கண்ணாடி அலமாரிக்குள் பல்பு எரிகிறது, பகலெல்லாம் சூடு. ராத்திரி கடையைப் பூட்டினால் ஜனவரிக் குளிர். இப்படிச் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் சாக்லேட்டுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து சாம்பல் பூசின மாதிரி வெள்ளையாகப் பூத்துவிடும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ருசி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் திருப்பூரிலிருந்து வந்து, கிலோ என்ன விலை என்று கேட்டு வாங்குகிறவர் அதைப் பார்த்தால் பூஞ்சை என்றுதான் நினைப்பார். கடைக்காரர் டப்பாவோடு திருப்பி அனுப்பிவிடுவார். இந்த மாதம் அப்படித்தான் அனுப்பினார்கள். என் வீட்டுப் பின்கட்டில் இப்போது அடுக்கியிருப்பது அந்த டப்பாக்கள்தான்.

சரி, என்ன நடந்தது என்று தெரிந்ததையே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஜனவரி 6 முதல் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஊரடங்கு. 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. ஓட்டலில் பாதிப் பேர்தான் உட்காரலாம். வெள்ளி, சனி, ஞாயிறு கோயில் கிடையாது. ஒன்றாவது முதல் ஒன்பதாவது வரை பள்ளிக்கூடம் கிடையாது. எட்டாவது படிக்கும் என் மகள் மறுபடியும் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போனாள்.

இரவு ஊரடங்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜனவரியில் ஊட்டியில் ராத்திரி பத்து மணிக்கு நாய்கூட வெளியே வராது. ரேஸ்கோர்ஸ் புல்லெல்லாம் விடியற்காலையில் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற மாதம். சென்னையில் உட்கார்ந்து போட்ட உத்தரவு, எங்களுக்கு வலிக்காமல் போயிற்று. வலித்தது ஞாயிறுதான்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஞாயிறு என்பது வாரத்தில் ஒரு நாள். ஒரு நாள் கடை மூடினால் ஏழில் ஒரு பங்கு போச்சு என்று கணக்குப் போட்டுவிடலாம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. சீசன் இல்லாத மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை கமர்ஷியல் ரோட்டில் நடந்து பாருங்கள், கடைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வண்டிகள் ஏற ஆரம்பிக்கும். ஞாயிறு காலையில் பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம் எல்லாம் பார்த்துவிட்டு, மலை இறங்குவதற்கு முன்னால்தான் சாக்லேட், வர்க்கி, நீலகிரித் தைலம் எல்லாம் வாங்குவார்கள். ஞாயிற்றை எடுத்துவிட்டால் சனிக்கிழமையும் தானாகப் போய்விடும். மறுநாள் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கணும் என்று தெரிந்த பிறகு யார் மலை ஏறுவார்கள்? இதற்கு நடுவில் பூங்காக்களின் நேரத்தையும் சுருக்கினார்கள். 16-ஆம் தேதி காணும் பொங்கல். ஊர் சுற்றுவதற்கென்றே தமிழன் வைத்திருக்கும் ஒரே நாள், அது இந்த வருஷம் ஞாயிற்றில் வந்து மாட்டியது.

தெரியாமல் வந்து மாட்டியவர்களும் உண்டு. என் தம்பி மேக்சி கேப் ஓட்டுகிறான். முதல் ஊரடங்கு ஞாயிற்றுக்கு முன் ஒரு குடும்பத்தைக் கோவையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தான். பெரியவர்கள் நாலு பேர், இரண்டு பிள்ளைகள். மலை ஏறும் வழியில் பர்லியார் செக்போஸ்டில் எல்லாருடைய கொரோனா தடுப்பூசிச் சான்றிதழும் போனில் தயாராக இருந்ததாம். (முன்னெல்லாம் அங்கே வண்டியை நிறுத்தித் தடைசெய்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று தேடுவார்கள். இப்போது பாட்டிலோடு ஊசியையும் சேர்த்துத் தேடுகிறார்கள்.) மறுநாள் பூராவும் காட்டேஜில் உட்கார்ந்து பார்சல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் ரகளை தாங்காமல், சாக்லேட்டாவது கிடைக்குமா என்று தம்பி மூலமாக என்னிடம் கேட்டார்கள். அந்த அம்மா போனில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு ஊசியும் போட்டாச்சுங்க அக்கா. சர்ட்டிபிகேட்டைக் காட்டுன்னாங்க, காட்டுனோம். அப்புறம் எதுக்குங்க உள்ளயே உக்காத்தி வெச்சிருக்காங்க?"

என்னிடம் பதில் இல்லை. சாக்லேட்டை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

அந்தக் கேள்வி அந்த அம்மாவுடையது மட்டும் அல்ல. ஊசி விஷயத்தில் நீலகிரி எப்படி நடந்துகொண்டது என்று யோசித்துப் பாருங்கள். 2021 ஜூன் முடிவதற்குள்ளேயே, 18 வயது தாண்டிய பழங்குடியினர் எல்லாருக்கும் முதல் தவணை போட்டு முடித்த மாவட்டம் இது. தோடர் மந்து, குறும்பர் கிராமம், பணியர் காலனி என்று நர்சுகள் நடந்தே போனார்கள். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, இரண்டு வருஷத்தில் ஆள் போய்விடுவான் என்றெல்லாம் வதந்தி இருந்தது. உட்கார்ந்து பேசிப் பேசித்தான் போட்டார்கள். செப்டம்பரில் அன்றைய கலெக்டர் இன்னசென்ட் திவ்யா, மாவட்டத்தில் 97 சதவீதம் பேருக்குப் போட்டாகிவிட்டது என்றார். மிச்சமிருந்தவர்களில் சிலர், ஊசி போட்டால் குடிக்க முடியாதே என்று தயங்கினார்கள். அவர்களுக்காக டாஸ்மாக்கில் சான்றிதழ் காட்டினால்தான் சரக்கு என்று உத்தரவு போட்டார். நாடு முழுக்கச் செய்தியாயிற்று. நாங்களும் சிரித்தோம். ஆனால் அதில் ஒரு பேரம் இருந்தது: நீ கையை நீட்டு, நான் கதவைத் திறக்கிறேன். செக்போஸ்டில், பூங்காவில், கடை வாசலில் எல்லாம் அதே பேரம்தான்.

இங்கேதான் எனக்குக் கோபம். ஊசியை உயிர் காக்கும் மருந்து என்று சொன்னதைவிட, நுழைவுச் சீட்டு என்று சொன்னதுதான் அதிகம். நுழைவுச் சீட்டு வாங்கினவன் கதவு பூட்டியிருந்தால் சண்டைக்குத்தான் வருவான். ஊசி போட்டாலும் இப்போது பரவுகிற ஒமிக்ரான் வகைக் கொரோனா தொற்றும், மூக்கு ஒழுகும், பக்கத்திலிருப்பவருக்குக் கொடுக்கவும் செய்யும், ஆனால் ஆக்சிஜன் வரை போகிறவர்கள் குறைவார்கள் என்று யாராவது நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தால் ஜனங்களுக்குப் புரிந்திருக்கும்.

புரியும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலேயே புரிந்தது. பொங்கல் முடிந்த வாரம் என் மாமியாருக்குக் காய்ச்சல், தொண்டை வலி. பாசிட்டிவ். எழுபது வயது தாண்டியவர், சர்க்கரை உண்டு. நாங்கள் கதிகலங்கிப் போனோம். போன மே மாதம் எங்கள் வரிசை வீட்டிலேயே ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம், திரும்பி வரவில்லை. அது யாருக்கும் மறக்கவில்லை. இந்தத் தடவை மாமியார் மிளகு ரசம் குடித்துக்கொண்டு, டிவி சீரியலை ஒரு நாளும் விடாமல் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். பார்க்க வந்த நர்சம்மாவிடம், "ரெண்டு ஊசி போட்டும் வந்திருச்சே, அப்புறம் அதுல என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். நர்சம்மா ஆக்சிமீட்டரை அவர் விரலில் மாட்டிக்கொண்டே, "வந்தா வரட்டும் பாட்டி. நீங்க எங்கிட்ட உக்காந்து நியாயம் பேசறீங்கல்ல, அதான் பிரயோசனம்" என்றார். ஆக்சிஜன் அளவு 96 காட்டியது.

இரண்டு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. டிவியில் சொல்கிற எண்ணிக்கையிலேயே இது தெரிகிறது. போன மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 30,000-க்கு மேல் தொற்று வந்தபோது 400-க்கும் அதிகமானவர்கள் செத்த நாட்கள் உண்டு. இந்த ஜனவரியிலும் தொற்று ஒரு நாளைக்கு 30,000 வரை போனது. சாவு 50-ஐ ஒட்டித்தான் நின்றது. அதுவும் பெரிய துக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதனால் வாட்ஸ்அப்பில் "ஊசியே டுபாக்கூர், பாரு மறுபடி பூட்டிட்டான்" என்று அனுப்புகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். என் கோபம் ஊசி மேல் இல்லை. அப்படிச் சொல்லத் தோன்றுகிற மாதிரி நடந்துகொண்டவர்கள் மேல்.

ஞாயிற்றைப் பூட்டினால் கூட்டம் குறையும் என்பது கணக்கு. மார்க்கெட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்திருக்கணும். நாளைக்குக் கிடைக்காது என்று கோழிக்கடை முன்னாலும் மீன்கடை முன்னாலும் ஆள் மேல் ஆள். ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை சாவகாசமாக வாங்க வேண்டிய ஊர், சனிக்கிழமை இருட்டுவதற்குள் மூன்று மணி நேரத்தில் வாங்கித் தீர்த்தது. மாஸ்க் மூக்குக்குக் கீழே. அபராதத்தை 200-லிருந்து 500 ஆக்கியிருந்தார்கள், இருந்தும் அந்த நெரிசலில் யார் யாரைப் பிடிப்பது? எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "கொரோனாவுக்கு நாளைக்கு லீவு, இன்னிக்கு ஓவர்டைம்" என்றார். கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் படுக்கை போதாமல் போனால் என்ன செய்வது என்ற அரசாங்கத்தின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. போன வருஷம் பட்டவர்களுக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜூன் மாதம் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் தளர்வு கொடுத்தபோது, கோவை, திருப்பூரோடு சேர்த்து நீலகிரியையும் 11 மாவட்டப் பட்டியலில் நிறுத்தி வைத்தார்கள். அப்போது இங்கே யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை, நிலைமை அப்படி. இந்த முறை முணுமுணுப்புக்குக் காரணம் வேறு. ஜனவரி 26-ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் தேதியை அறிவித்தார்கள், பிப்ரவரி 19 வாக்குப்பதிவு. 27-ஆம் தேதி இரவு ஊரடங்கும் ஞாயிறு ஊரடங்கும் ரத்து. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் தெருவில் சம்பந்தம் இல்லை என்று நம்புகிற ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்கணும் என்று தம்பி காத்திருக்கிறான். அவனுக்கு வண்டி டியூ இரண்டு மாதம் பாக்கி.

எங்களுக்கு மெயின் சீசன் ஏப்ரல், மே. 2020-இல் அது முழுசாகப் போயிற்று. 2021-இல் ஏப்ரலில் மூடிய சுற்றுலா இடங்கள் ஆகஸ்ட் கடைசியில்தான் திறந்தன. இரண்டு மே மாதமும் ஜனங்கள் மலர்க் கண்காட்சி பார்க்கவில்லை. இந்த வருஷ மே மாதத்துக்கு நான் மார்ச்சிலேயே ஸ்லாப் சொல்லி வைக்கணும், முந்திரிக்கு முன்பணம் கொடுக்கணும், கூட இரண்டு பெண்களை வேலைக்கு வரச் சொல்லணும். கடன் வாங்கித்தான் எல்லாம். சங்கக் கூட்டத்தில் நான் ஒன்றுதான் சொன்னேன்: மனு எழுதினால் நிவாரணம் கேட்டு எழுத வேண்டாம், தேதி கேட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் எவ்வளவு படுக்கை நிரம்பினால் மூடுவீர்கள், எவ்வளவு காலியானால் திறப்பீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மூடுவதாக இருந்தால் பத்து நாள் முன்னால் சொல்லுங்கள் என்று. புதன்கிழமை அறிவித்து ஞாயிற்றுக்கிழமை பூட்டுவது சம்பளக்காரருக்குத் தாங்கும், அச்சில் ஊற்றி வைத்திருப்பவருக்குத் தாங்காது. செயலாளர் குறித்துக்கொண்டார், அனுப்பினாரா தெரியவில்லை.

பூத்துப்போன சரக்கை மறுபடி உருக்கி அச்சில் ஊற்றினால் பளபளப்பு வந்துவிடும், ஆனால் அதைப் புதுச் சரக்கு என்று கடைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. பாதி விலைக்கு வீட்டிலேயே விற்கிறேன், பழசு என்று சொல்லியே கொடுக்கிறேன். காந்தல் பக்கம் வருகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். முந்திரி போட்டது தீர்ந்துவிட்டது, திராட்சையும் அத்திப்பழமும் இருக்கின்றன.