ஒக்டபாட்டும் பிரவுசரும்: வீட்டில் ட்ரம்ஸ் பதிந்த அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் ஒரு ட்ரம் செட்டைக் கொண்டுவந்து மைக் போட்டுப் பதிவது நடக்கிற காரியமில்லை. இடம் காணாது, மைக்குகளும் கைவசம் இல்லை. அதுவும் கார்த்திகை மாதம். வாடைக்காற்று மழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. ஆனால் நண்பனின் மனைவி எழுதிய பாட்டு பைலா என்ற துள்ளல் ஆட்டப் பாட்டு நடையில் இருந்தது. ட்ரம்ஸ் இல்லாமல் அது நிற்காது.

பாலையூற்றில் ஒரு தம்பி இருக்கிறார். கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று இசைக்குழுக்களில் ஒக்டபாட் வாசிப்பவர். அது குச்சியால் அடிக்கும் எட்டுத் தட்டுகள், அதாவது பாடுகள், உள்ள மின்னணுத் தாளக் கருவி. அவரைக் கூப்பிட்டு, பான்ட்லாப் என்ற இலவச ஸ்டூடியோவை லப்டொப்பில் திறந்து வைத்தேன். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றினுடையது. எதையும் நிறுவத் தேவையில்லை, பிரவுசரிலேயே ஓடும்.

நாங்கள் பதிந்தது ஒலியை அல்ல, மிடியை. எந்தப் பாடில் அடி விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்பது மட்டும்தான் கேபிள் வழியாகப் போகும். மழை பெய்தாலும் நாய் குரைத்தாலும் அதற்குக் கவலையில்லை. பிறகு கிட்டின், அதாவது ஸ்டூடியோவில் உள்ள ட்ரம் ஒலித் தொகுதியின், ஒலி பிடிக்காவிட்டால் வேறு கிட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், தம்பியைத் திரும்ப வரச்சொல்ல வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இனி மைக் பக்கம் போகமாட்டேன்.

அவருடைய ஒக்டபாட் பழையது. பின்னால் 5 முள் மிடி துளைதான் இருக்கிறது. அதற்கு ஒரு யூஎஸ்பி மாற்றுக் கேபிள் வேண்டும். ஒக்டபாட்டின் 'அவுட்' துளையில் கேபிளின் 'இன்' முனையைச் செருக வேண்டும். சில கேபிள்களில் எழுதியிருப்பது எதைக் குறிக்கிறது என்று விளங்காது, அப்படியானால் முனையை மாற்றிச் செருகிப் பார்ப்பதுதான் வழி. குரோமில் திறந்தபோது மிடி கருவியைப் பயன்படுத்த அனுமதி கேட்டது, கொடுத்தோம். சஃபாரியில் இந்த வசதி இல்லை என்பதால் ஐபாட்டில் பிரவுசர் வழியாக முயல்வதில் பயனில்லை.

முதல் அடி அடித்தார். பேஸ் ட்ரம் வரவேண்டிய இடத்தில் மாட்டுமணி கேட்டது. தம்பிக்கு ஒரே சிரிப்பு. காரணம் எளிது. 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கில் ஒவ்வொரு தாள ஒலிக்கும் ஒரு எண் உண்டு: பேஸ் ட்ரம் 36, ஸ்னேர் (கரகரக்கும் சிறு ட்ரம்) 38, மூடிய ஹைஹெட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) 42, திறந்த ஹைஹெட் 46, கிராஷ் (பெரிய தட்டு) 49, மாட்டுமணி 56. தம்பி மேடைக்காகத் தன் பாடுகளுக்குத் தனக்குப் பிடித்த எண்களைக் கொடுத்து வைத்திருந்தார். ஒக்டபாட்டில் ஒரு புதிய கிட்டை எடுத்து, பாடு பாடாக இந்த எண்களைப் போட்டோம். மேடைக் கிட்டில் கை வைக்கவில்லை, அடுத்த வெள்ளி அவருக்குக் கச்சேரி இருந்தது.

அப்புறம்தான் உண்மையான தலையிடி: தாமதம். அடித்ததற்கும் லப்டொப்பில் ஒலி வருவதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி. காற்றில் ஒலி 10 மில்லிசெக்கனில் மூன்றரை மீற்றர் அளவு போகும். அந்த அளவு தாமதம் மேடையில் அம்ப்ளிஃபயருக்குக் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோலத்தான், வாசிப்பவர் சமாளித்துவிடுவார். அதைப்போலப் பல மடங்கு என்றால் கை தடுமாறும். புளூடூத் ஹெட்போனில் இன்னும் மோசம், அதை முதலே கழற்றி வைத்துவிட்டோம்.

வழி இதுதான். ஒக்டபாட்டின் சொந்த ஒலியை ஒரு சின்ன மிக்ஸருக்குள் விட்டோம், லப்டொப்பில் ஓடும் பாட்டையும் தாளம் காட்டும் மெட்ரோனோமையும் அதே மிக்ஸருக்குள் விட்டோம். தம்பி வயர் ஹெட்போனில் இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாசித்தார். ஸ்டூடியோ கிட்டின் சத்தத்தை வாசிக்கும்போது கேட்கவே இல்லை, அது பின்னணியில் மிடியை வாங்கிக்கொண்டிருந்தது. பதிந்து முடிந்த துண்டு முழுவதும் ஒரே அளவில் கொஞ்சம் பிந்தியிருந்தது. துண்டைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினேன், சரியாக உட்கார்ந்தது.

இனி கட்டத்துக்கு இழுக்கும் வேலை. குவான்டைஸ் என்ற பொத்தானை அமத்தினால் எல்லா அடியும் கோட்டில் போய் நிற்கும். பைலா 6/8 நடை என்பதால் மூன்று மூன்றாகப் பிரியும் கட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும். பதினாறாகப் பிரியும் கட்டத்தில் இழுத்தால் நடையே கெட்டுவிடும். சரியான கட்டத்தில் எல்லாவற்றையும் இழுத்துத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். "அண்ணா, இது நான் அடிச்ச மாதிரி இல்லையே" என்றார். அவர் சொன்னது சரிதான். ஹைஹெட்டைக் கொஞ்சம் பிந்தி வைப்பதுதான் அவருடைய வாசிப்பின் ருசி. இழுத்ததை ரத்துச்செய்து, பேஸ் ட்ரம்மையும் ஸ்னேரையும் மட்டும் தெரிவு செய்து கோட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹைஹெட்டைத் தொடவில்லை.

பலத்திலும் பிரச்சினை இருந்தது. மிடியில் அடியின் பலம் 127 வரை போகும். மேடையில் வாசித்துப் பழகிய கை என்பதால் பாதிக்கு மேல் உச்சத்திலேயே நின்றது. ஹைஹெட் எல்லாம் ஒரே பலத்தில் விழுந்தால் தையல் மெஷின் சத்தம்தான் வரும். ஒக்டபாட்டில் பாடின் உணர்திறனைக் குறைத்து அந்தப் பகுதியை மட்டும் திரும்ப வாசிக்க வைத்தேன். மிச்சத்தைக் கையால் குறைத்தேன்: மூன்றில் முதல் அடி 95 அளவில், மற்ற இரண்டும் 60, 70. என்னைக் கேட்டால் மிக்ஸிங்கில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

கிட் முழுவதும் ஒரே ட்ராக்கில் இருந்தால் ஸ்னேருக்கு மட்டும் எதிரொலி போட முடியாது. ட்ராக்கை நான்காகப் பிரதியெடுத்து, ஒன்றில் பேஸ் ட்ரம்மை மட்டும் விட்டு மற்ற அடிகளை அழித்தேன். அப்படியே ஸ்னேருக்கு ஒன்று, ஹைஹெட்டுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. பேஸ் ட்ரம்மில் 60 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றி, 300 பக்கம் இருந்த பெட்டிச் சத்தத்தை வெட்டினேன். ஹைஹெட்டில் 300க்குக் கீழே தேவையில்லை, முழுக்க எடுத்துவிட்டேன். ஸ்னேருக்குச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸர் 4:1 அளவில், அளவான எதிரொலி. மொத்த ஒலி உச்சத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி ஃபேடர்களை, அதாவது சத்த அளவுக் குமிழ்களை, இறக்கினேன்.

ஹெட்போனில் நல்லாயிருந்தது. போனில் போட்டபோது பேஸ் ட்ரம் காணாமல் போய்விட்டது. போன் ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. 3,000 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றியதும் அடியின் 'டிக்' வெளியே வந்தது. அடுத்து, உள்துறைமுக வீதியில் நிற்கும் தெரிந்த ஓட்டோக்காரரிடம் போனேன். அவருடைய வண்டியில் இருக்கையை விடப் பெரிய பேஸ் பெட்டி. அங்கே 60 ஹேர்ட்ஸ் வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு டெசிபல் குறைத்தேன். திருகோணமலையில் ஒரு பாட்டு முதலில் ஓடப்போவது ஓட்டோவில்தான், அதனால் அந்தப் பெட்டியின் தீர்ப்பை நான் மதிக்கிறேன்.

தானாக மாஸ்டரிங், அதாவது பாட்டின் ஒலிக்குக் கடைசி மெருகு, செய்யும் வசதியும் இலவசமாகக் கிடைத்தது. ஓடவிட்டதும் கிராஷ் சீறத் தொடங்கியது. 8,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் இறக்கி மறுபடி ஓடவிட்டேன், அடங்கியது. தம்பிக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு, "எல்லாம் ஓகே அண்ணா, அந்த மாட்டுமணிய இடைக்கிடை போட்டா என்ன?" என்று செய்தி போட்டிருந்தார். மிடிதானே, சரணத்தின் இரண்டாம் வரியில் 56ஐச் சொருகிவிட்டேன்.